காற்றை அளந்த அன்னா மணி



பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னலோர சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே, வெள்ளை வெளேரென்று காற்றாலைகள் கைகளை வீசிக்கொண்டு நிற்கும். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தால், எண்ணி முடிப்பதற்குள் ஊரே வந்துவிடும்!

சரி, ஒரு கேள்வி. இத்தனை காற்றாலைகளை ஏன் இந்தப் பக்கம் கொண்டுவந்து நட்டார்கள்?

"இங்கே நல்லா காத்தடிக்கும்" என்கிறீர்களா? சரியான பதில்தான். ஆனால், எவ்வளவு காற்று? எந்த மாதத்தில் அதிகம்? எந்த மாதத்தில் குறைவு? எவ்வளவு உயரத்தில்? ஒரு காற்றாலையை நடுவதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற பழமொழியை மட்டும் நம்பி யாராவது கோடிகளைக் கொட்டுவார்களா? யாரோ ஒருவர் பொறுமையாக அளந்து, கணக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா?

அப்படி இந்தியாவின் காற்றையும், வெயிலையும், ஓசோனையும் அளந்து கணக்கு எழுதிய ஒரு விஞ்ஞானியைத்தான் இன்று சந்திக்கப் போகிறோம். அவர் பெயர் அன்னா மணி. 'அண்ணா' அல்ல, 'அன்னா'! ஆமாம், அவர் ஒரு பெண்மணி.

வைரத்தோடு வேண்டாம்!

கேரளத்தில் பீர்மேடு என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே 1918-ம் ஆண்டு ஆகஸ்ட் 23-ம் தேதி அன்னா பிறந்தார். வீட்டில் மொத்தம் எட்டுக் குழந்தைகள். அன்னா ஏழாவது. அப்பா அரசாங்க இன்ஜினீயர். ஏலக்காய்த் தோட்டங்களும் இருந்தன. வசதியான குடும்பம்.

அப்பாவிடம் ஒரு நல்ல பழக்கம். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிடக் கூடாது. சோதித்துப் பார்த்துச் சரியாக இருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். இந்தப் பாடம் அன்னாவின் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

அன்னாவுக்குப் புத்தகம் என்றால் உயிர். எட்டு வயதுக்குள் உள்ளூர் நூலகத்தில் இருந்த மலையாளப் புத்தகங்களில் அநேகமாக எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பன்னிரண்டு வயதுக்குள் ஆங்கிலப் புத்தகங்களும் தீர்ந்துபோயின!

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் குழந்தைக்கு எட்டாவது பிறந்தநாள் வந்தால், வைரத்தோடு பரிசாகக் கொடுப்பார்கள். அன்னாவின் எட்டாவது பிறந்தநாளும் வந்தது. பளபளவென்று வைரத்தோடு! வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். அன்னாவோ, தோடு வேண்டாம், அதற்குப் பதிலாக என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா புத்தகத் தொகுதி வாங்கித் தாருங்கள் என்று கேட்டுவிட்டாள். உலகத்து விஷயங்களையெல்லாம் சொல்லும் கலைக்களஞ்சியம் அது. வீட்டார் திகைத்துப்போனார்கள். ஆனாலும் வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீடுகளில் ஆண் பிள்ளைகளைப் பெரிய உத்தியோகத்துக்குத் தயார்செய்வார்கள். பெண் பிள்ளைகளைக் கல்யாணத்துக்குத் தயார்செய்வார்கள். அன்னாவின் மனமோ படிப்பிலேயே இருந்தது.

வைக்கத்தில் மூண்ட தீ

அன்னா சிறுமியாக இருந்தபோது, திருவிதாங்கூரில் வைக்கம் என்ற ஊரில் ஒரு பெரிய போராட்டம் நடந்தது. அங்குள்ள கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக்கூட அனுமதி இல்லை. அந்தக் கொடுமையை எதிர்த்து 1924-ல் மக்கள் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். நம் ஈரோட்டிலிருந்து பெரியார் அங்கே போய்ப் போராடி, சிறையும் சென்றார். அடுத்த ஆண்டு காந்தியடிகளும் வைக்கத்துக்கு வந்தார்.

இதெல்லாம் அன்னாவின் மனதைத் தொட்டது. காந்தியடிகளின் வழி அவருக்குப் பிடித்துப்போனது. கதர் உடுத்தத் தொடங்கினார். நம் நாட்டுக்குத் தேவையானதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அப்போதே முளைவிட்டது. பின்னாளில் அந்த எண்ணம் என்ன செய்தது என்று பாருங்கள்!

வைரம் தேடி வந்தது!

முதலில் டாக்டருக்குப் படிக்கத்தான் அன்னா ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. இயற்பியல் நன்றாக வந்ததால், சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1939-ல் இயற்பியலும் வேதியியலும் படித்து ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே உதவித்தொகையுடன் பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் யார் தெரியுமா? நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன்!

ராமனின் ஆய்வுக்கூடத்தில் அப்போது வைரங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வைரத்தின் மீது ஒளி பட்டால் அது எப்படி மினுங்குகிறது, எந்தெந்த நிறங்களை உமிழ்கிறது என்பதை அன்னா ஆராய வேண்டியிருந்தது. எட்டு வயதில் வைரத்தோடு வேண்டாம் என்ற பெண்ணின் கைக்கு, இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள் வந்து சேர்ந்தன! காதில் போட்டுக்கொள்ள அல்ல, ஆராய!

அது சுலபமான வேலை இல்லை. வைரத்தை மிக மிகக் குளிர்ந்த நிலையில் வைக்க வேண்டும். அதிலிருந்து வரும் ஒளியோ மங்கலானது. அது போட்டோ தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். அதனால் பல இரவுகள் அன்னா ஆய்வுக்கூடத்திலேயே கண்விழித்திருந்தார். பெண்கள் ஆராய்ச்சிக்கு வருவதே அபூர்வமான காலம் அது. கருவியைக் கையாளும்போது ஒரு சின்னத் தவறு நேர்ந்தாலும், பெண்களுக்கு இதெல்லாம் வராது என்று சொல்லிவிடுவார்கள். அன்னா அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. 1942-லிருந்து 1945-க்குள் ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தனியாகவே எழுதி வெளியிட்டார்.

கிடைக்காத பட்டம்

1945-ல் தன் ஆராய்ச்சியை எல்லாம் தொகுத்து, முனைவர் பட்டத்துக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அதாவது, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளும் பட்டம்.

பதில் வந்தது. பட்டம் தர முடியாதாம்! காரணம்? அன்னா எம்.எஸ்சி. படிக்கவில்லையாம். ஆனர்ஸ் பட்டம் பெற்று, ராமனிடம் ஆராய்ச்சி செய்து, ஐந்து கட்டுரைகள் எழுதியதெல்லாம் கணக்கில் வரவில்லை. விதிப்புத்தகத்தில் ஒரு வரி குறுக்கே நின்றுவிட்டது.

உங்களுக்கு இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்? கோபம் வரும். அழுகை வரும். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். அன்னா மணி அப்படிச் செய்யவில்லை. பட்டம் இல்லாவிட்டால் என்ன, வேலை இருக்கிறதே என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கடைசிவரை அவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை. அவர் எழுதிய ஆய்வேடு மட்டும் பெங்களூருவில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கப்பல் ஏறினார்

அதே 1945-ல் இங்கிலாந்து சென்று படிக்க அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. அன்னா இயற்பியல் படிக்கத்தான் விரும்பினார். ஆனால், வானிலைக் கருவிகளைப் பற்றிப் படிக்க மட்டுமே அப்போது இடம் இருந்தது. சரி, அதையே படிப்போம் என்று ராணுவ வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் ஏறி லண்டன் போய்ச் சேர்ந்தார்.

வெப்பத்தை அளக்கும் வெப்பமானி, மழையை அளக்கும் மழைமானி, காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி, காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி... இவற்றை எப்படிச் செய்கிறார்கள், எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கற்றார். 1948-ல் ஊர் திரும்பியபோது, நம் நாடு சுதந்திரம் பெற்றிருந்தது. அன்னா, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

சுதந்திரத்துக்கு முன்பு வெப்பமானி, பாரமானி போன்ற எளிய கருவிகள்கூட இங்கிலாந்திலிருந்துதான் வரவேண்டியிருந்தது. நம் ஊர் மழையை அளக்க அடுத்தவர் கையை எதிர்பார்ப்பதா? அன்னாவின் மேலதிகாரியாக இருந்த எஸ்.பி.வெங்கிடேஸ்வரனுக்கும் அதே எண்ணம்தான். இங்கேயே ஒரு பட்டறை அமைத்துக் கருவிகளைச் செய்யத் தொடங்கினார்கள். கருவி செய்ய முதலில் என்ன வேண்டும்? சரியான வரைபடம். ஏறக்குறைய நூறு வகை வானிலைக் கருவிகளுக்கு அன்னா மணியின் குழு துல்லியமான வரைபடங்களைத் தயார்செய்தது. அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு யார் செய்தாலும் கருவி ஒரே மாதிரி வரும். 1953-ல் அந்தப் பிரிவுக்கே அவர் தலைவரானார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் 121 பேர். அத்தனை பேரும் ஆண்கள்!

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பார். ஏன் தெரியுமா? அளக்கவில்லை என்றால், நமக்குத் தெரியாது என்றாவது தெரியும். தப்பாக அளந்துவிட்டால், தெரியும் என்று நினைத்துக்கொண்டே தப்பு வழியில் போய்விடுவோம்!

வெயிலுக்கு ஒரு கணக்கு

1957, 58-ம் ஆண்டுகளில் உலக நாடுகள் பல சேர்ந்து பூமியை ஆராய்ந்தன. அதற்கு 'சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு' என்று பெயர். அப்போது அன்னா மணி, சூரியனிலிருந்து வரும் வெப்ப ஆற்றலை அளக்கும் நிலையங்களை இந்தியாவில் ஏற்படுத்தினார். சென்னை, டில்லி, கொல்கத்தா, புனே என்று தொடங்கிய நிலையங்கள், போகப் போகப் பெருகின.

வெயிலை அளந்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? இருக்கிறது விஷயம்! மழை, காற்று, மேகம் எல்லாவற்றுக்கும் எஞ்சின் அந்தச் சூரியன்தான். வெயில் கடலைச் சுடுகிறது. கடல்நீர் ஆவியாகிறது. ஆவி காற்றோடு மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது. வால்பாறையில் கொட்டுகிற மழையும், சிறுவாணி அணையில் நிற்கிற தண்ணீரும் ஒரு காலத்தில் கடலில் இருந்தவைதான். 1960-களில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. அந்தக் காலத்தில், கடலின் மேல் எவ்வளவு வெயில் விழுகிறது, எவ்வளவு வெப்பம் திரும்பிப் போகிறது என்ற கணக்கை அன்னா மணியும் உடன் பணியாற்றியவர்களும் போட்டுக் காட்டினார்கள்.

இன்னொரு கேள்விக்கும் அவர்கள் விடை தேடினார்கள். சூரியனிலிருந்து வரும் ஒளி முழுவதும் தரைக்கு வந்து சேர்கிறதா? இல்லை! வழியிலேயே கொஞ்சம் தொலைந்துபோகிறது. திருடியது யார்? காற்றில் மிதக்கும் புழுதி, புகை, கடல் உப்பு போன்ற கண்ணுக்குத் தெரியாத துகள்கள். இவற்றை விஞ்ஞானிகள் 'ஏரோசால்' என்பார்கள். காலையில் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வெயில் விழும்போது, அந்த ஒளியில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதன் தம்பி தங்கைகள்தான் இவை.

இந்தத் துகள்கள் வெறும் திருடர்கள் மட்டுமல்ல. மேகத்தில் உள்ள ஒவ்வொரு நீர்த்துளிக்கும் உள்ளே ஒரு துகள் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆவி, துளியாகிறது. துகளே இல்லை என்றால் மேகம் உருவாவதே கஷ்டம். துகள் அளவுக்கு மீறிப் போனாலும் தொல்லைதான். தரைக்கு வரும் சூரிய ஒளியை அளந்து, இந்திய வானம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, 1960-களின் கடைசியிலேயே அன்னா மணியும் தோழர்களும் கட்டுரை எழுதினார்கள். இன்று செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்து இந்தத் துகள்களைக் கண்காணிக்கின்றன. அன்று அவர்களிடம் இருந்தது தரையில் நிற்கும் கருவியும், பொறுமையும்தான்.

பலூனில் பறந்த பெட்டி

நம் தலைக்கு மேலே, ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் படலம் இருக்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர்கள் நம்மைச் சுடாமல் தடுக்கும் குடை அது. அவ்வளவு உயரத்தில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று எப்படி அளப்பது?

ஒரு பெரிய பலூன். அதன் கீழே ஒரு சின்னப் பெட்டி. பலூன் மேலே போகப் போக, பெட்டிக்குள் இருக்கும் கருவி ஓசோனை அளந்து ரேடியோ மூலம் கீழே சொல்லிக்கொண்டே இருக்கும். கடைசியில் பலூன் வெடித்துவிடும். இதுதான் 'ஓசோன்சோண்டே'. அப்போது மிகச் சில நாடுகளிடம் மட்டுமே இருந்த இந்தக் கருவியை, 1960-களில் அன்னா மணியின் குழு இந்தியாவிலேயே செய்து பறக்கவிட்டது. பின்னாளில் பனி சூழ்ந்த அண்டார்க்டிகாவில் உள்ள நமது மைத்ரி ஆய்வு நிலையத்திலிருந்தும் இந்திய ஓசோன்சோண்டே பறந்தது. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்து ஓட்டை விழுகிற செய்தியை விஞ்ஞானிகள் 1985-ல்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் கையில் கருவி தயாராக இருந்தது!

1963-ல் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் உருவானது. அப்துல் கலாம் அங்கே இளம் இன்ஜினீயராக இருந்தார். ராக்கெட் விடுவதற்கு முன்பு காற்றின் வேகமும் திசையும் தெரிய வேண்டுமே! அதற்கான வானிலைக் கூடத்தையும், கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அமைத்துக் கொடுக்கும்படி விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டது அன்னா மணியைத்தான். அவரும் அமைத்துக் கொடுத்தார்.

நம் ஊர்க் காற்று

1969-ல் டில்லிக்கு மாறிய அன்னா மணி, வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976-ல் ஓய்வு பெற்றார். பேரன் பேத்திகளோடு பொழுதைக் கழித்தாரா? அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை. சும்மா இருக்கவும் அவருக்குத் தெரியாது! பெங்களூருவில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்த வெயில் கணக்குகளை 1980, 81-ம் ஆண்டுகளில் இரண்டு பெரிய புத்தகங்களாகக் கொண்டுவந்தார். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கவும், வெந்நீர் போடவும் திட்டமிட்ட இன்ஜினீயர்களுக்கு அவை கைவிளக்காக அமைந்தன.

அடுத்தது காற்று! 1983-ல் இந்தியக் காற்று பற்றிய விவரத் தொகுப்பு வெளிவந்தது. பிறகு நாடு முழுவதும் காற்று வளத்தைக் கணக்கெடுக்கும் பெரிய திட்டத்துக்கு அவர் தலைமை தாங்கினார். நல்ல காற்று வரும் என்று தோன்றிய இடங்களில் உயரமான கம்பங்களை நட்டு, உச்சியில் காற்றுமானிகளைப் பொருத்தி, இரவு பகலாக அளந்தார்கள். தமிழ்நாடும், நம் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தன.

பாலக்காட்டுக் கணவாயை அட்லஸில் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட மதில் மாதிரி இருக்கிறதா? வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டிலும் 2,600 மீட்டருக்கும் உயரமான சிகரங்கள். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டும் மதிலில் ஒரு வாசல்! தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மதிலில் மோதுகிறது. மேகங்கள் மலை மேலேயே மழையைக் கொட்டிவிடுகின்றன. வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. மலைக்கு இந்தப் பக்கம் உள்ள கோவையிலோ சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். ஆனால், காற்று மட்டும் வாசல் வழியே குபுகுபுவென்று புகுந்து வருகிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சி அடிக்குமே, அதுபோலத்தான். மழையைத் தர மறுத்த பருவக்காற்று, நமக்கு வேகத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது!

அந்த வேகத்தை ஏன் அவ்வளவு துல்லியமாக அளக்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதிலுள்ள ஆற்றல் இரண்டு மடங்காக அல்ல, எட்டு மடங்காக உயரும். 2 x 2 x 2 = 8. அப்படியானால், காற்றுமானி வேகத்தைப் பத்துக்குப் பதினொன்றாகத் தப்பாகக் காட்டினால் என்ன ஆகும்? 11 x 11 x 11 எவ்வளவு? 1,331. பத்தை அப்படிப் பெருக்கினால் 1,000. அதாவது, நூறு ரூபாய்க்கு மின்சாரம் கிடைக்கும் இடத்தில் 133 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று கணக்கு சொல்லிவிடும்! அதை நம்பிக் கடன் வாங்கிக் காற்றாலை வைத்தவரின் கதி என்ன? தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்று அன்னா மணி கண்டிப்புக் காட்டியதன் அர்த்தம் இப்போது புரிகிறதா?

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. அதன்பின் முப்பந்தல், கயத்தாறு, நம் பக்கத்தில் கேத்தனூர், பூளவாடி என்று காற்றாலைகள் பரவின. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இதற்காக உழைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோருக்கும் முன்னால், எங்கே எவ்வளவு காற்று என்று எழுதி வைத்த கணக்குப்பிள்ளைகளின் தலைவி அன்னா மணி.

கரி எரித்துத் தயாரிக்கும் மின்சாரத்தால் வரும் புகை, பூமியைச் சூடாக்குகிறது. இதை இன்று எல்லோரும் பேசுகிறோம். அவ்வளவாக யாரும் பேசாத நாட்களிலேயே வெயிலும் காற்றும்தான் நம் நாட்டின் செல்வம் என்று நம்பி, அதற்கான அடித்தளத்தைப் போட்டவர் அவர்.

பேசும் சாதனை

காடு, மலை என்று சுற்றுவதும், பறவைகளைப் பார்ப்பதும், புத்தகம் படிப்பதும், சங்கீதம் கேட்பதும் அன்னா மணிக்குப் பிடித்தவை. 1987-ல் இந்திய தேசிய அறிவியல் கழகம் கே.ஆர்.ராமநாதன் பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது. 1994-ல் பக்கவாதம் தாக்கி, அவரால் முன்போல நடமாட முடியாமல் போனது. 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 83 வயது நிறைந்திருக்கும்.

2022-ல் அவரது 104-வது பிறந்தநாளன்று கூகுள், தன் முகப்புப் பக்கத்தில் அவர் படத்தை வரைந்து கொண்டாடியது. முனைவர் பட்டம் தர விதியில் இடமில்லை என்று சொல்லப்பட்ட பெண்ணை, அன்று லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்!

நீங்களும் அளக்கலாம்!

குழந்தைகளே, அன்னா மணியைப் பாராட்டிக் கைதட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். உங்களுக்கும் ஒரு வேலை உண்டு.

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுங்கள். பெரியவர்கள் உதவியோடு கழுத்துப் பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாக அதே பாட்டிலுக்குள் புனல்போல வையுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அதனால் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் '0' என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே, ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் கோடுகள் போடுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி செங்கல் அணைத்து வையுங்கள். மழைமானி தயார்!

நம் பக்கம் மழை அதிகம் வருவது ஐப்பசி, கார்த்திகையில். வானிலைத் துறையினர் தினமும் காலை 8.30 மணிக்கு மழையளவு எடுப்பார்கள். நீங்களும் அதே நேரத்தில் பாருங்கள். தேதியும் அளவும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதும் தண்ணீரை மறுபடி '0' கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மழை இல்லாத நாளில் '0' என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு அளவுதான்! ஒரு நாள் பார்க்க மறந்துவிட்டால், குத்துமதிப்பாக எழுதாதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு வருஷம் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். உங்கள் ஊர் மழையின் கணக்கு, உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்!